மாட்டுக்கறியில் ஹார்மோனா?

“மாட்டுக்கு ஹார்மோன் வைத்து வளர்க்கிறார்களாம், அந்தக் கறியைத் தின்றால் பெண் பிள்ளைகள் வயதுக்கு முன்பே பெரிய பிள்ளையாகிவிடுவார்களாம்” என்ற பேச்சு திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கம் நம் வீடுகளில் அடிபடுகிறது. இதைக் கேட்டுப் பிள்ளைகளுக்குக் கறி கொடுப்பதையே சிலர் நிறுத்திவிட்டார்கள். ஆட்டுக்கறி வாங்க முடியாத குடும்பத்துக்கு இரும்புச்சத்து கிடைக்கும் ஒரு நல்ல வழி மாட்டுக்கறி. ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்.

ஹார்மோன் வைப்பது உண்மை. ஆனால் அது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பண்ணைகளில். மாட்டுக் காதின் பின்புறத் தோலுக்கடியில் சிறு மாத்திரைகளைப் பொதிந்துவிடுவார்கள். அறுத்தபின் காது உணவுக்குப் போகாது என்பதால்தான் அந்த இடம். மருந்து சில மாதங்கள் வரை மெல்ல மெல்ல இரத்தத்தில் இறங்கும். ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட மாட்டின் காதில் முக்கோணத் துளை போட்டு அடையாளம் வைப்பார்கள்.

மாத்திரையில் இருப்பது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், அல்லது ஆண் ஹார்மோன் போல வேலை செய்யும் ட்ரென்போலோன்; பல நேரம் இரண்டும். முதலாவது மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டும். இரண்டாவது தசையிலேயே நேராக வேலை செய்யும். தசை நாரை ஒட்டிச் சும்மா கிடக்கும் துணைச் செல்கள் பெருகி நாரோடு சேர, நார் தடிக்கிறது. தசைப் புரதம் கரைவதும் குறைகிறது. தின்ற தீனி கொழுப்பாவது குறைந்து கறியாகிறது. எடை 10 முதல் 20 சதவீதம் வரை வேகமாக ஏறும். காயடித்த காளைக்கு இது நன்றாகப் பலிக்கும்; அதற்குச் சொந்த ஹார்மோன் இல்லையே.

பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. முன்பு டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை மாட்டுக்குக் கொடுத்தார்கள். அதே மருந்தைக் கர்ப்ப காலத்தில் சாப்பிட்ட தாய்மாரின் பெண் மக்கள் சிலருக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்தது 1971இல் தெரிந்தது. 1979இல் அமெரிக்கா மாட்டுக்கும் அதைத் தடை செய்தது. இப்போதைய மாத்திரைகளால் கறியில் மிஞ்சுவது மிகச் சொற்பம், பயமில்லை என்கிறது அமெரிக்க அரசு. சிறு பிள்ளைகளின் உடம்பில் இந்த ஹார்மோன் இயல்பிலேயே குறைவு, சொற்பமும் வேண்டாம் என்கிறது ஐரோப்பா. 1989 முதல் அந்தக் கறியை உள்ளே விடுவதில்லை.

நம் கடைக் கறிக்கு வருவோம். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, 10 வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டைத்தான் சான்றிதழ் பெற்று அறுக்க முடியும்; நிரந்தரமாக ஊனமானதையும் அறுக்கலாம். மாத்திரை பலிப்பது வளரும் மாட்டுக்கு. கிழட்டு மாட்டுக்கு வைத்து எந்த வியாபாரியும் காசைக் கரைக்கமாட்டார்! பால் கறக்கப் போடும் ஆக்சிடோசின் ஊசி வேறு. அது மடியில் பாலை இறக்கும், கறியை வளர்க்காது.

8 வயதுக்குள் பெண் பிள்ளைக்கு மார்பு வளர்ச்சி தெரிந்தால் கறியைப் பழி சொல்லிக்கொண்டு இராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹார்மோன் வைத்த கறி பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்பதே முறை.

குர்பானிக்கு மாடு பிடிக்கும்போது எங்கள் கவலை வேறு. நோய்க்குப் போட்ட ஊசி மருந்து கறியில் தங்கும். ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் கழித்தே அறுக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. கடைசியாக என்ன ஊசி, எந்தத் தேதியில் போட்டது என்று விற்பவரிடம் கேட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.