தீவுக்கரை வெளிச்சம் – 9: கோழிக்கூட்டில் பிறந்த மாதா படங்கள்

கச்சதீவில் குடியிருப்பவர் எவருமில்லை. குடிக்க நல்ல தண்ணீரும் இல்லை. 285 ஏக்கர் நிலம், ஓர் அந்தோனியார் கோயில், சுற்றிவரக் கடல், அவ்வளவுதான். தவக்காலம் வந்தால், பெப்ரவரியிலோ மார்ச்சிலோ, இரண்டு நாளுக்கு மட்டும் அங்கே ஓர் ஊர் முளைத்துவிடும். இலங்கையின் குறிகட்டுவானிலிருந்து ஒரு பக்கம், இந்தியாவின் இராமேஸ்வரத்திலிருந்து மறுபக்கம் என்று படகுகள் வந்து சேரும். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் சொரூப பவனி, விடிந்தால் திருப்பலி. மதியத்துக்குள் கரை வெறிச்சோடிவிடும்.

இந்த இரண்டு நாளும் கமராக்காரர்களுக்குச் சோதனைதான். பகலில் மணலும் கடலும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தை முகத்தில் அடிக்கும். பவனி நேரத்தில் ஜெனரேட்டர் பல்புகளும் மெழுகுதிரிகளும் மட்டுமே துணை. சொரூபத்தைச் சரியாக எடுத்தால் சுமப்பவர் முகம் இருண்டுபோகும். முகத்தைப் பார்த்தால் சொரூபம் வெள்ளையாகப் பொங்கிவிடும். ஆனால் அந்த மணலில் எடுக்கப்படும் படங்களில் விலைமதிப்பற்றவை வேறு. கச்சதீவு பற்றிய 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தம் இந்தியப் பக்தர்கள் விசா இல்லாமல் இங்கே வந்துபோக இடம் வைத்திருக்கிறது. இரு கரைகளிலும் பிரிந்து வாழும் உறவுகள் ஒரே படச்சட்டத்துக்குள் நிற்கும் வாய்ப்பு, பலருக்கு இந்தக் கோயில் முற்றத்தில்தான் கிடைக்கிறது. கல்யாண ஆல்பத்துக்குக் கிடைக்கும் காசு இந்தப் படங்களுக்குக் கிடைக்காது. ஆனாலும் எடுக்க ஆள் இருக்கிறது.

தொழிலும் விசுவாசமும் ஒரே கமராவுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன? இந்தக் கேள்வியோடு பின்னோக்கிப் போனால், இலங்கை மண்ணில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெண்மணியிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், நம் பாடப்புத்தகங்களில் வரும் கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் அதே கேமரன். இலங்கையில் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. குடும்பம் இங்கிலாந்தின் வைட் தீவில் வசித்தது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஜூலியாவுக்கு ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. பொழுதுபோக்குக்கென்று வந்த பெட்டி அது. அவரோ கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டிலிருந்து கோழிகளை வெளியேற்றிவிட்டு அதையே ஸ்ரூடியோவாக்கினார்.

அந்தக் கோழிக்கூட்டில் நடந்த வேலை இலேசானதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் பசையை ஊற்றி, எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படரும்படி தகட்டைச் சரித்துச் சரித்துப் பிடிக்க வேண்டும். பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவில் செருகி, படமெடுத்து, ஈரம் காயுமுன்னே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். விரல்கள் கறுத்துப்போகும். அவருடைய கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் இருந்தார்கள். நம் ஊர் ஸ்ரூடியோவில் “இஞ்ச பாருங்கோ, அசையாதேங்கோ” என்று சொல்லி முடிப்பதற்குள் வேலை ஆகிவிடுகிறது. அந்த நாளில் அதற்குள் சில செபங்களைச் சொல்லி முடித்துவிடலாம்.

ஜூலியா ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்டவர். புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய மடலில் தூய ஆவியின் கனிகளாகச் சொல்லப்படும் ஒன்பதையும் ஒன்பது படங்களாக எடுத்து, 1865இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவற்றில் மாதாவாக இருப்பவர் மேரி ஹில்லியர், அவருடைய வீட்டு வேலைக்காரப் பெண். கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின் ஆகியோரின் முகங்களை எந்தப் பக்தியோடு அணுகினாரோ, அதே பக்தியோடுதான் தண்ணீர் சுமக்கும் பெண்ணின் முகத்தையும் அணுகினார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது சின்னக் காரியமல்ல.

இதே பெண்மணி கெட்டிக்கார வியாபாரியாகவும் இருந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. 500க்கு மேற்பட்ட படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்தார். லண்டனில் கொல்நாகி நிறுவனம் வழியாகப் பிரதிகளை விற்றார். கோப்பி வருமானம் தள்ளாடியபோது, படங்கள் வீட்டுச் செலவைத் தாங்கும் என்று நம்பினார். படம் மங்கலாக இருக்கிறது, தகட்டில் கீறல் இருக்கிறது, விரலடையாளம் தெரிகிறது என்று அன்றைய புகைப்படச் சங்கத்தார் ஏளனம் செய்தார்கள். அவர்களுடைய சொல்லுக்காக அவர் தம் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை. காசு வேண்டும் என்பதும், முகத்தில் ஆன்மா தெரிய வேண்டும் என்பதும் அவரிடம் சண்டையின்றிக் கூடவே வாழ்ந்தன. விசுவாசம் உள்ளவர் விலை கேட்கக் கூடாது என்று நம்மிடையே இன்னும் நினைப்பவர்களுக்கு ஜூலியா நல்ல மறுமொழி.

1875இல் கேமரன் தம்பதி இலங்கைக்கே வந்துவிட்டார்கள். களுத்துறையில் கடலோர வீடு. இங்கே படம் வாங்க ஆளில்லை. வெக்கையில் தகடுகள் சட்டெனக் காய்ந்தன. 1877இல் அங்கே போன ஓவியர் மரியான் நோர்த்தைப் பிடித்து, கம்பளிச் சால்வையைப் போர்த்தி, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, குத்தும் தென்னோலைகளுக்கு முன்னால் நண்பகலில் நிறுத்தி இயல்பாக இருக்கச் சொன்னாராம் ஜூலியா. வெப்பமானி அப்போது 96 பாகை பாரன்ஹைட் காட்டியதென்று நோர்த் எழுதிவைத்திருக்கிறார்.

அங்கே ஜூலியா தோட்டத் தொழிலாளர்களையும் கிராமத்தவர்களையும் படமெடுத்தார். அந்த இலங்கைப் படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கின்றன. பார்க்கப் பார்க்க மனதை நிறுத்தும் முகங்கள் அவை. இலங்கையில் அந்தக் காலத்துத் தமிழ்த் தொழிலாளரின் முகங்களை இவ்வளவு அருகில் காட்டும் படங்கள் வேறு அதிகமில்லை. ஆனால் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. வைட் தீவின் வேலைக்காரிக்கு மேரி ஹில்லியர் என்ற பெயர் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. இங்கே நின்றவர்களோ ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்ற மாதிரித் தலைப்புகளுக்குள் பெயரில்லாமல் போய்விட்டார்கள். முகத்தை வணங்கியவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்திருக்கலாம். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் ஜூலியா காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயக் கல்லறையில் கணவரோடு கிடக்கிறார்.

பெயர்கள் அப்படித் தொலைந்தாலும், கமரா சொற்களைக் காப்பாற்றிய கதை ஒன்று யாழ்ப்பாணத்துத் தீவகத்தவர் ஒருவரிடம் இருக்கிறது. ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், அந்தோனியார் கல்லூரியில் தொடங்கி ரோமாபுரி வரை படித்த குரு. அந்தாவ் த புரொயென்சா என்ற இயேசுசபைத் துறவி தொகுத்து, அவர் இறந்த பின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதைத் திரும்பப் புதிதாக அச்சுக்கோர்க்காமல், பக்கம் பக்கமாக உள்ளது உள்ளபடி நிழற்படப் பதிப்பாக 1966இல் கோலாலம்பூரில் வெளிக்கொண்டுவந்தார் அடிகள். 16,000க்கு மேற்பட்ட சொற்கள், மைக் கறையும் எழுத்துப் பிழையும் உட்பட, கமராவின் உதவியால் உலகத் தமிழ் ஆராய்ச்சிக்கு மீண்டும் வந்தன.

இப்போது ஊர்காவற்றுறை, வேலணை, அல்லைப்பிட்டிப் பக்கம் திரும்புவோம். 1990 ஓகஸ்டில், போரின்போது, இந்தத் தீவுகளிலிருந்து மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது, ஆல்பங்கள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. அப்போது மண்டைதீவில் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமல் போனவர்களின் வீட்டாருக்குக் கையில் மிஞ்சியது பெரும்பாலும் அடையாள அட்டைப் படமோ, பாடசாலைக் கூட்டுப்படத்தின் ஒரு மூலையோதான். 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மீது எறிகணைகள் விழுந்தன. ஒரு வாரத்தில், 20ஆம் திகதி, அந்தப் பங்கின் குருவான திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுன் அடிகளார் காணாமல் ஆக்கப்பட்டார்.

காணாமல் போனவரின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு தாய் ஸ்ரூடியோவுக்கு வரும்போது, அது மற்றைய ஓடர்களைப் போன்றதல்ல. அஞ்சல் தலை அளவுப் படம். தோளின் மேல் அரைவட்டமாக முத்திரைக் கறை. நடுவில் மடித்த கோடு கன்னத்தை வெட்டிக்கொண்டு போகும். கணினியில் அந்தக் கோட்டைத் துடைக்கும்போது கன்னத்தின் பள்ளத்தையும் சேர்த்துத் துடைத்துவிடக் கூடாது. சிரிப்பைக் கூட்டக் கூடாது. தாய் தன் பிள்ளையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூலியா கோழிக்கூட்டில் தேடிய அதே காரியத்தைத்தான் இந்தக் கைகளும் தேடுகின்றன என்று சொன்னால் அது மிகையாகாது. இந்தப் படங்கள்தான் பின்னர் சட்டமிட்டு வீட்டு அல்தாருக்குப் பக்கத்தில் ஏறுகின்றன. வீதியோரப் போராட்டங்களில் மார்போடு அணைத்துப் பிடிக்கப்படுகின்றன.

பங்குகளில் திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் பதிவேடு உண்டு. படங்களுக்குத்தான் இல்லை. சாட்டி சிந்தாத்திரை மாதா திருவிழாவும் முதல் நன்மையும் எத்தனையோ ஆண்டுகளாகப் படமாகியிருந்தாலும், அவற்றில் பல ரொறன்ரோவிலும் பாரிஸிலும் அலுமாரிகளுக்குள் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நூல்களோடு ஒளிப்படங்களையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்து வருகிறது. தீவகத்துக் கமராக்காரர்களும் பங்குகளும் அதனோடு கைகோர்த்தால், ஒவ்வொரு படத்தின் பின்னாலும் யார், எந்த ஊர், எந்தத் திருவிழா என்று எழுதிவிடலாம். பெயர் சொல்லக்கூடிய முதியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்க ஒரு பிற்பகலும் ஒரு பேனையும் போதும்.

(தொடரும்)