செய்தியும் பொறுப்பும்

பெரம்பலூரிலிருந்து சென்னை நோக்கிப் பேருந்தில் செல்வோர், வாலிகண்டபுரத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் ரஞ்சன்குடிக் கோட்டையைக் காண்பர். மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் அதனைச் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். இறங்கிச் சென்று பார்த்தவர் சிலராகவே இருப்பர். 1751ஆம் ஆண்டில் வாலிகண்டபுரத்தை அடுத்த இந்நிலப்பகுதியில் ஒரு போர் நிகழ்ந்தது. ஒரு பக்கம் முகம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயர். மறுபக்கம் சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர். இதில் வியப்பு யாதெனில், அவ்வாண்டில் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானமாக இருந்தன. 1748ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவை உடன்படிக்கை செய்துகொண்டுவிட்டன. அதன்படி சென்னைப் பட்டினம் ஆங்கிலேயரிடம் திரும்பியது 1749இல்தான். கடிதம் கப்பலேறி வந்து சேர்வதற்கே பல மாதங்கள் வேண்டியிருந்த காலம் அது.

அன்று இவ்வூர் உழவன், பட்டாளத்தைத் தன் கண்ணால் கண்ட பின்னரே போர் வந்ததை அறிந்தான். இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. பட்டாளம் இங்கே வருவதில்லை. ஆயினும் போர் வந்துவிடுகிறது. செட்டிக்குளத்துக் காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்குகிற அம்மாளின் மடியிலிருக்கும் கைப்பேசிக்கே அது வந்துவிடுகிறது. வருவது மெய்யான போர்தானா என்பதே கேள்வி.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் காஷ்மீரத்துப் பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றனர். மே 7ஆம் நாள் நம் படைகள் எல்லைக்கப்பால் தாக்குதல் நடத்தின. 10ஆம் நாள் மாலை சண்டை நின்றது. இடைப்பட்ட அந்நாள்களில் நம் கைப்பேசிகளில் நிகழ்ந்தது மற்றொரு போர். கணினி விளையாட்டில் வரும் காட்சிகள் உண்மைப் போர்க் காட்சிகளாக உலவின. எல்லையின் இருபுறத்தாரும் அவற்றைப் பரப்பினர். 2020 ஆகஸ்டில் லெபனான் நாட்டுப் பெய்ரூட் துறைமுகத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தின் படம், ஏவுகணைத் தாக்குதல் என்ற பெயரில் வலம் வந்தது; அது பழைய படம் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் விளக்கம் தர நேர்ந்தது. கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டதாக நம் தொலைக்காட்சிகள் சிலவும் முழங்கின. அவ்வாறு நிகழவேயில்லை. எல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. பூஞ்ச் நகரில் பாகிஸ்தானின் குண்டுவீச்சில் உயிரிழந்த ஆசிரியர் ஒருவரையே, பயங்கரவாதி என்று சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்று காவல்துறை மறுப்பு வெளியிட்டது. நாற்பதாண்டுக் காலம் கரும்பலகை முன் நின்றவன் என்பதாலோ என்னவோ, அந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

எங்கள் தெருவில் நடந்ததையும் கூறுகிறேன். மே 8ஆம் நாள் இரவு, ஓய்வு பெற்ற ஆசிரியர் சிலர் கூடி வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. இருள், வானில் சீறிச் செல்லும் நெருப்புக் கோடுகள், சுழன்று விழும் ஒரு விமானம். நம் முகாம் ஒன்று எரிகிறது என்று கீழே இரண்டு வரிகள். என் நெஞ்சு படபடத்தது. அப்படபடப்பிலேயே அதனை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். அவற்றுள் ஒன்று எங்கள் கோயில் திருப்பணிக் குழு. மறுநாள் காலை, விடுமுறைக்கு வந்திருந்த என் பேரனிடம் காட்டியபோது அவன் சிரித்துவிட்டான். "தாத்தா, இது சண்டையே இல்லை, கேம். எங்கள் ஹாஸ்டலில் பாதிப் பேர் இதைத்தான் விளையாடுகிறார்கள்" என்றான்.

படிப்பறிவு இல்லாமையால் மக்கள் வதந்தியை நம்புகின்றனர் என்று வகுப்பறையில் பலமுறை கூறியவன் நான். அக்கூற்றை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இது ஏன் நிகழ்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம். ஒரு நாளேட்டை எடுத்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு பக்கத்தின் அடியில், அதனை அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம் அது. பொய்யான செய்தி வந்தால் யாரைக் கேட்பது என்பது அச்சிறிய எழுத்திலேயே அடங்கியுள்ளது. சமூக ஊடக நிறுவனங்களுக்கோ சட்டம் வேறொரு நிலையை அளித்தது. மற்றவர் இடும் செய்திக்கு அவை பொறுப்பல்ல என்பது அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் 230ஆம் பிரிவு. நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவும் சில நிபந்தனைகளோடு அத்தகைய பாதுகாப்பை வழங்குகிறது. அஞ்சற்காரர் கடிதத்துக்குப் பொறுப்பாவாரா என்பது அவர்கள் கேட்கும் கேள்வி.

நியாயமான கேள்விதான்; ஆனால் உவமை பொருந்தவில்லை. அஞ்சற்காரர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. எது சினமூட்டும் கடிதம் என்று தேர்ந்து அதனை முதலில் கொண்டுவந்து தருவதும் இல்லை. ஃபேஸ்புக், யூடியூப் போன்றவை செய்வது அதுவே. நாம் எதன்மேல் நீண்ட நேரம் கண்ணை வைத்திருக்கிறோம், எதற்கு விருப்பக்குறி இடுகிறோம், எதனைக் கண்டு கொதிக்கிறோம் என்பவற்றை அவற்றின் கணிப்பொறிகள் இடைவிடாது கணக்கிடுகின்றன. அக்கணக்கின்படி நம்மை மேலும் நேரம் இருத்திவைக்கக்கூடியதை முன்னே நிறுத்துகின்றன. நாம் இருக்கும் நேரமே அவற்றின் விளம்பர வருவாய். பொய் சொல்ல வேண்டும் என்று எவரும் அப்பொறிக்குக் கற்பிக்கவில்லை. பொய்க்கு இயல்பாகவே புதுமையும் காரமும் மிகுதி. ஆகவே அது முன்னே வருகிறது. 2018இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர் மூவர், ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்தனர். 1,500 பேரை எட்டுவதற்கு, பொய்க்கு ஆன காலத்தைப்போல் உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் தேவைப்பட்டது எனக் கண்டனர். பரப்பியவர்கள் பெரும்பாலும் எந்திரங்கள் அல்லர், மனிதர்களே என்பதும் அவர்களது முடிவு.

இவ்வாபத்தைப் பற்றி உரக்கக் குரல் எழுப்பியவர்களுள் முதன்மையானவர் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸா அம்மையார். பல ஆண்டுகள் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்து, 2012இல் 'ராப்ளர்' என்னும் இணையச் செய்தி நிறுவனத்தைத் தோழியருடன் தொடங்கியவர். தொடக்கத்தில் சமூக ஊடகத்தைப் பெரிதும் நம்பியவர் அவர் என்பதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பின்னர், போலிக் கணக்குகள் கூட்டம் கூட்டமாக வந்து தம்மையும் தம் நாட்டையும் வசைபாடுவதைக் கண்டு ஆராயத் தொடங்கினார்; அரசின் வழக்குகளுக்கும் ஆளானார். 2021ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் உருசியப் பத்திரிகையாளர் திமித்ரி முரத்தோவுக்கும் கிடைத்தது. ஆஸ்லோவில் ஆற்றிய உரையில், தகவல் உலகில் கண்ணுக்குத் தெரியாத அணுகுண்டு ஒன்று வெடித்துவிட்டது என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகள் கூடி ஐக்கிய நாடுகள் சபை முதலியவற்றை அமைத்ததுபோல், இதற்கும் அமைப்புகள் வேண்டும் என்றார்.

அணுகுண்டு என்ற உவமையில் எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. அதனை வீச ஓர் அரசு வேண்டும், விமானம் வேண்டும். திருப்பணிக் குழுவுக்கு நான் அனுப்பியதற்கு என் கட்டைவிரல் போதுமாயிருந்தது.

அவர் அச்சம் வெறும் கற்பனையன்று. மியான்மரில் 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடி வந்தனர். அவர்கள்மீது வெறுப்பை வளர்த்ததில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு என ஐக்கிய நாடுகளின் ஆய்வுக் குழு கூறிற்று. தாம் போதுமானதைச் செய்யவில்லை என்று 2018இல் அந்நிறுவனமும் ஒப்புக்கொண்டது. இலங்கையிலோ, அவ்வாண்டு பிப்ரவரியில் அம்பாறை உணவகம் ஒன்றில் கறியில் மாவுக்கட்டி கிடந்தது. அது கருத்தடை மாத்திரை என்று ஒரு கூட்டம் ஆர்ப்பரித்தது. தமிழ் பேசும் கடைக்காரர், சிங்களத்தில் கேட்ட கேள்வி சரியாக விளங்காமல் தலையசைத்துவிட்டார். அக்காணொளி நாடெங்கும் பரவியது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்துத் திகனையில் பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தபோது, அரசு ஏறக்குறைய ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கியது.

நம் மாநிலமும் தப்பவில்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிடச் சென்ற குடும்பம் ஒன்று, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்போர் என்ற வாட்ஸ்அப் வதந்தியில் மூழ்கியிருந்த கூட்டம் அவர்களை அடித்தது. அறுபத்தைந்து வயது மூதாட்டி உயிரிழந்தார். அவ்வாண்டு ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாதபடி அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று தொடர்பற்ற பழைய காணொளிகள் பரவியபோது, பீகார் அரசின் அதிகாரிகள் இங்கு வந்து நேரில் விசாரிக்கும் நிலை ஏற்பட்டது. வடநாட்டார் பலர் உழைக்கும் அரியலூர்ச் சிமெண்டு ஆலைப் பகுதியில் வாழும் நமக்கு அது தொலைவுச் செய்தி அன்று.

பொறுப்பு என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அரியலூர் மக்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன், பெருவெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சிதைய, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தது அது. என் தந்தையார் கூறக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேர், எந்தெந்த ஊர் என்பவற்றை அறிய அடுத்தடுத்த நாள்களின் பத்திரிகைகளுக்காகக் காத்திருந்தார்களாம். அப்போது இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் பாலம் கட்டியவர் அல்லர். வண்டியை ஓட்டியவரும் அல்லர். ஆயினும் பதவி விலகினார். விபத்துக்கு அவர் காரணமல்லர், முறைமைக்கு எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்று பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். மியான்மருக்காகவோ திகனைக்காகவோ அந்நிறுவனத்தின் தலைவர் பதவி விலகியதாக நாம் கேட்கவில்லை. இலங்கை பற்றி 2020இல் வருத்தம் தெரிவித்ததோடு சரி.

ஐயமுள்ள படம் வந்தால் அதிலிருந்து ஒரு காட்சியைப் பிடித்து, கூகுளின் படத்தேடலில் இட்டுப் பார்க்கலாம். பழைய படமாயின் பெரும்பாலும் பிடிபடும். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை கண்டறியும் பிரிவும், தமிழக அரசின் தகவல் சரிபார்ப்பகமும் மறுப்புகளை வெளியிடுகின்றன. இவற்றையெல்லாம் எனக்குக் கற்றுத் தந்தவன் என் பேரனே. அவன் கற்றுத் தந்தது மே 9ஆம் நாள் காலை.

அதற்குள் அக்காணொளி எங்கள் தெருக்கோடி வீட்டை அடைந்துவிட்டது. அவ்வீட்டு அம்மாளின் மகன் காஷ்மீரத்தில் சிப்பாய். திருப்பணிக் குழுவிலிருந்த அவருடைய தம்பி, அக்காளுக்கு அதனை அனுப்பியிருக்கிறார். மகனின் கைப்பேசி அணைந்திருந்தது. அன்று முழுவதும் அவர் உலை வைக்கவில்லை. நான் சென்று, அது விளையாட்டுப் படம் என்று பேரனைக் கொண்டே காட்டச் செய்தேன். பார்த்தார், நம்பவில்லை. 11ஆம் நாள் மகன் பேசிய பின்னரே அவ்வீட்டில் அடுப்பு எரிந்தது.

மாலையில் என்னை வழியில் கண்டபோது அவர் கோபிக்கவில்லை. "அந்தப் படத்தை உங்களுக்கு யாருங்க சார் அனுப்பினது?" என்று மட்டும் கேட்டார். அனுப்பிய நண்பரின் பெயரைச் சொன்னேன். அன்றிரவே அந்நண்பரையும் கேட்டேன். தமக்கு யார் அனுப்பினார் என்பது அவருக்கு நினைவில் இல்லை.