கண்ணைத் தாங்கும் கம்பி

1860 ஜூலை 2. லண்டனை ஒட்டிய விம்பிள்டன் திடல். பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் நடத்தும் முதல் போட்டியைத் தொடங்கிவைக்க விக்டோரியா ராணி வந்திருந்தார். பொறியாளர் ஜோசப் விட்வொர்த், தாம் வடிவமைத்த ரைபிளை ஓர் இரும்புத் தாங்கியில் இறுகப் பொருத்தி, 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்குக்கு நேராக முன்கூட்டியே குறிவைத்து விட்டிருந்தார். விசையில் ஒரு பட்டுக் கயிறு கட்டியிருந்தது. ராணி அதைப் பிடித்து இழுத்தார். குண்டு இலக்கின் நட்டநடுவிலிருந்து சுமார் ஒன்றேகால் அங்குலத்தில் போய்ப் பதிந்தது.

ராணி குறிபார்க்கவே இல்லை. உலகமே கைதட்டிய அந்தக் குண்டைச் சுட்டது, சரியாகச் சொன்னால், ஒரு தாங்கி.

அந்தச் சலுகை பிறகு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் போட்டியானாலும் சரி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடந்துவரும் தேசியப் போட்டிகளின் பழைய பிரிவுகளானாலும் சரி, துப்பாக்கியை வீரரின் உடம்புதான் தாங்க வேண்டும். உதவிக்கு ஒரு தோல்வார், அதுவும் நின்று சுடும்போது கிடையாது. ஆனால் துப்பாக்கிக்கு மறுக்கப்பட்ட தாங்கி, கண்ணுக்கு மறுக்கப்படவில்லை. வீரரின் பக்கத்தில் ஒரு கம்பி நிற்கும். அதன் தலையில் ஒரு தடித்த ஒற்றைக்குழல் தொலைநோக்கி. இதைத்தான் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிறார்கள். தொலைக்காட்சி கேமரா துப்பாக்கியைக் காட்டும், முகத்தைக் காட்டும், சில சமயம் காலணியைக்கூடக் காட்டும். அந்தக் கம்பியைக் காட்டாது. எனக்கு அந்தக் கம்பியின் மேல்தான் கண்.

முதலில், அந்தத் தொலைநோக்கிக்கு என்ன வேலை என்று பார்ப்போம். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. ஒரு சட்டைப் பொத்தான் அளவு. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக்கூடிய மிகச்சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 50 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். ஆக, கறுப்பு அட்டையில் விழுந்த கறுப்பு ஓட்டையை வெறுங்கண்ணால் பார்ப்பது நடக்காத காரியம். இருபது, இருபத்தைந்து மடங்கு உருப்பெருக்கம் வேண்டும்.

இன்றைய ஒலிம்பிக் தளங்களில் மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. குண்டு எங்கே பட்டது என்பதைப் பக்கத்துத் திரையே சொல்லிவிடும். அப்படியும் வெளியரங்க ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கியை விதிகள் அனுமதிக்கின்றன; வீரர்களும் விடாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். காரணம், காற்று.

பக்கவாட்டில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வையுங்கள். கன்னத்தில் படுவதுகூடத் தெரியாத மெல்லிய காற்று. அது 50 மீட்டருக்குள் அந்தச் சிறிய குண்டைச் சுமார் 5 மி.மீ. தள்ளிவிடும். அதாவது பத்துப் புள்ளி வட்டத்தில் பாதி. ஆயிரம் கஜப் போட்டிகளில் இன்னும் பெரிய ரைபிள், இன்னும் வேகமான குண்டு. ஆனாலும் வினாடிக்கு நாலரை மீட்டர் பக்கக் காற்றுக்கு அது இரண்டு மீட்டருக்கு மேல் விலகும். வலப்பக்கம் குறிவைத்து இடப்பக்கம் அடிக்கிற விளையாட்டு அது.

காற்றைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். வெயில் ஏறிய தரையிலிருந்து சூடான காற்று இழைஇழையாக மேலெழுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாறும். அற்பமான மாற்றம்தான். நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் அது சேர்ந்துகொண்டே போகும்போது, இலக்கின் விளிம்பு ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் போல நெளிகிறது. கோடையில் தார்ச்சாலையில் நாம் பார்க்கிற அதே கானல். பழந்தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்று ஒரு பெயர் உண்டு. ஆளில்லாமல் ஓடும் தேர். துப்பாக்கி வீரருக்கு அந்தத் தேர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் கேள்வி. தொலைநோக்கியின் குவியத்தை இலக்கிலிருந்து சற்றே முன்னால் இழுத்து, பாதி வழியிலோ மூன்றில் இரண்டு பங்கு வழியிலோ நிறுத்தினால், இலக்கு கொஞ்சம் மங்கி, கானலின் ஓட்டம் துலங்கித் தெரியும். இடமிருந்து வலமாக ஓடினால் இடக் காற்று. நேர் மேலே கொதிநீர்போலக் குமிழ்ந்தால், ஒன்று காற்றே இல்லை, அல்லது வீரரின் முகத்துக்கோ முதுகுக்கோ நேராக வீசுகிறது. காற்று வேகம் பிடித்துவிட்டால் கானல் தட்டையாகிக் கலைந்துவிடும். அப்போது கொடிகளைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இத்தனை நுட்பமான அசைவைப் படிக்க வேண்டிய கண்ணாடி, தானே அசைந்தால் என்னாகும்? இந்த இடத்தில்தான் கம்பி கதைக்குள் வருகிறது.

தாங்கியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது உடம்பைப் பற்றியது; இரும்பைப் பற்றியது அடுத்ததுதான். படுத்துச் சுடும் வீரர், வாரை இறுக்கி, முழங்கைகளை ஊன்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, தசையை வலிந்து இழுக்காமலே துப்பாக்கி தானாக இலக்கை நோக்கும்படி உடம்பைக் கிடத்தியிருப்பார். அந்தக் கிடை கலைந்தால் தொலைந்தது. தோளுக்கும் குழல் முனைக்கும் இடையே ஒரு மீட்டர் என்றால், முனை ஒரு மில்லிமீட்டர் விலகுவது 50 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் விலகலாகும். ஆகவே தொலைநோக்கிக்குள் பார்க்க உடம்பை நகர்த்தக் கூடாது. தலையைக் கொஞ்சம் திருப்பலாம், அவ்வளவுதான். வலக்கைக்காரர் பெரும்பாலும் இடப்பக்கம் தாங்கியை நட்டு, பார்வைக் குழலை முகத்தின் பக்கம் திருப்பி, இடக்கண்ணால் பார்ப்பது இதனால்தான். நேரான குழலைவிட 45 பாகை வளைந்த பார்வைக் குழலை இந்த விளையாட்டுக்காரர்கள் விரும்புவதும் இதனால்தான்.

வசதியாக இருந்தால் போதும், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றலாம். ஒளியியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை. முன்கண்ணாடியின் விட்டம் 80 மி.மீ., உருப்பெருக்கம் 25 மடங்கு என்றால், பின்னால் வெளிவரும் ஒளிக்கற்றையின் தடிமன் 80 வகுத்தல் 25, அதாவது 3.2 மி.மீ. மட்டுமே. கண்மணி அந்த மெல்லிய கற்றைக்கு நேராக வர வேண்டும். ஒரு விரற்கடை விலகினால் இருட்டு. எனவே நல்ல தாங்கி என்பது உயரம், பக்கம், முன்பின், சாய்வு என்று நாலு வழியிலும் நுணுக்கமாக நகர்ந்துகொடுத்து, நகர்ந்தபின் செத்தாற்போல் நிற்க வேண்டும். நகரவும் வேண்டும், நகரவும் கூடாது.

இதில் மூன்று நிலைப் போட்டி ஒரு தனிச் சோதனை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஷாத்தோரூ தளத்தில், மகாராஷ்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தப் போட்டியில்தான். தகுதிச் சுற்றில் மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என 60 குண்டுகள். அவர் எடுத்த புள்ளிகள் முறையே 198, 197, 195, மொத்தம் 590. எல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள். நிலை மாறும்போது கண்ணின் உயரமும் மாறும்: படுத்தால் தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேல், நின்றால் ஐந்தடி. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்துக்கு முன்னால் கம்பியைக் கழற்றி மாட்டித் திருகிக்கொண்டிருந்தால், அந்த நிமிடங்கள் சுடும் நேரத்திலிருந்துதான் போகும். உயரத்தைக் குறிக்கக் கம்பியில் ஒட்டிய ஒரு துண்டு டேப், விலையுயர்ந்த திருகாணியைவிட அங்கே அதிகம் உதவும்.

இப்போது இரும்புக்கு வருவோம். பள்ளியில் படித்த இயற்பியலில் எனக்குப் பிடித்த விதிகளில் ஒன்று இங்கே வேலை செய்கிறது. ஒரு முனை ஊன்றிய கம்பியின் மறுமுனையைத் தள்ளினால் அது எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. ஐந்து மடங்கானால் 125 மடங்கு. படுத்துச் சுடும் உயரமான 30 செ.மீ.க்கும் நின்று சுடும் உயரமான 150 செ.மீ.க்கும் உள்ள விகிதம் அதே ஐந்துதான்.

கணக்காகவே போட்டுப் பார்த்தேன். 25 மி.மீ. தடிமனும் 2 மி.மீ. சுவரும் கொண்ட அலுமினியக் குழாய். அடி அசையாமல் ஊன்றியிருக்கிறது. மேலே இரண்டு கிலோ தொலைநோக்கி. ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதைத் தட்டினால் வினாடிக்கு மூன்று முறைக்குச் சற்றுக் குறைவாக ஆடும். கண் நன்றாகப் பின்தொடர்ந்து எரிச்சலடையக்கூடிய மந்தமான ஆட்டம். அதே குழாயில் 30 செ.மீ. உயரத்தில் வைத்துத் தட்டினால் வினாடிக்கு முப்பது முறை துடித்து, பெரும்பாலும் நாம் கவனிக்கும் முன்பே அடங்கிவிடும். குவியத்தைத் திருகும் விரல் நூறு கிராம் எடைக்குச் சமமான விசையோடு முன்னால் தள்ளுகிறது என்று கொள்வோம். உயரக் கம்பியில் பார்வைக் கோடு 50 மீட்டர் அட்டையில் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் தாவுகிறது. தாழ்ந்த கம்பியில் மூன்று மில்லிமீட்டர். விரல் ஒன்றே, கம்பியும் ஒன்றே.

சரி, கம்பி உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? தடிமனைக் கூட்ட வேண்டும். திடமான கம்பியின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு பதினாறு மடங்காகும். குழாயிலும் சுவரின் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரட்டித்தால் ஏறத்தாழ எட்டு மடங்கு. நீளம் இரட்டித்ததால் இழந்தது அப்படியே திரும்பக் கிடைக்கிறது. இரும்பா அலுமினியமா என்று கடைகளில் நடக்கும் வாதம் இதற்கு முன்னால் வெறும் பேச்சு. எஃகு அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு விறைப்பு. எடையும் மூன்று மடங்கு. எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதே எடை அலுமினியத்தில் இன்னும் பருத்த குழாய் கிடைக்கும் என்பதால் என் ஓட்டு பருத்த அலுமினியத்துக்கு. கரிம இழைக் குழாய் இரண்டையும் வெல்லும். பர்ஸையும் வெல்லும்.

கேமராவுக்காகச் செய்த மூன்றுகால் தாங்கியைப் பயன்படுத்துவோர் ஏராளம். தவறில்லை. ஆனால் அதன் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். மூன்று கால்கள் சேர்ந்து கட்டிய உறுதியின் உச்சியில் ஒல்லியான ஒற்றைக் கம்பியை நட்டு, அதன் நுனியில் எல்லாப் பாரத்தையும் வைப்பதுதான் நடுத்தண்டை உயர்த்துவது. தாங்கியின் பலம் அதன் மிக மெலிந்த மூட்டின் பலம்தான். தொலைநோக்கி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்துக்கு அடியில் ஒரு கால் வருமாறு திருப்பி வையுங்கள். புல்தரையில் கூர்முனை, சிமென்ட் தரையில் ரப்பர். தாங்கியின் நடுவில் மணல்பை தொங்கவிடுவது நல்ல பழக்கம். பை காற்றில் ஊசலாடாமல் அதன் அடி லேசாகத் தரையைத் தொட வேண்டும். பெரிய ரைபிள்கள் வெடிக்கும் தளத்தில் பக்கத்து வீரரின் ஒவ்வொரு வெடியும் காற்றலையாக வந்து உங்கள் கம்பியில் மோதும். அது அடங்க ஆகும் நேரத்தில் கானல் தன் திசையை மாற்றிக்கொண்டிருக்கும்.

கண்ணைப் பற்றிய இன்னொரு கதையையும் சொல்லிவிட வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் இதே மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில், கடைசிக் குண்டுக்கு முன் மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தார். சுட்டார். திரையில் எதுவும் வரவில்லை. அவர் சுட்டது இரண்டாம் தடத்தில் நின்றுகொண்டு மூன்றாம் தடத்து இலக்கை. வழக்கமாக இலக்கின் மேலுள்ள எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும் பழக்கமுள்ளவர், மனத்தை அடக்குவதிலேயே இருந்ததால் அந்த ஒருமுறை எண்ணைப் பார்க்கவில்லை. தங்கம் சீனாவின் ஜியா ஜான்போவுக்குப் போயிற்று. எம்மன்ஸ் எட்டாம் இடத்துக்கு இறங்கினார். அன்று அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை காதெரீனா குர்கோவாவைப் பின்னர் மணந்துகொண்டார் என்பது கதையின் இனிய பாதி. எந்தத் தாங்கியும் இந்தத் தவற்றைத் தடுத்திருக்காது. ஆனால் காகித இலக்குகளில் சுடுகிற பழைய கைகள், தலை திருப்பிய ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியில் தங்கள் தட எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கிக்குத் திரும்புவார்கள். நகராத தாங்கி அந்த எண்ணை எப்போதும் அதே இடத்தில் காட்டும்.

என் தீர்ப்பு இது: கையில் இருக்கும் பணத்தில் பாதியைக் கண்ணாடிக்கும் பாதியைக் கம்பிக்கும் வையுங்கள். சுமாரான கண்ணாடியை நல்ல தாங்கியில் வைத்தவர், உயர்ந்த கண்ணாடியை ஆடும் தாங்கியில் வைத்தவரைவிட அதிகம் பார்ப்பார். துப்பாக்கியையே தொடாதவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பள்ளிக்கரணையிலும் வேடந்தாங்கலிலும் பறவை பார்க்கப் போகிறவர்கள் தூக்கிச் செல்வதும் இதே வகைத் தொலைநோக்கிதான். அடுத்த முறை அங்கே போகும்போது தாங்கியின் நடுத்தண்டை முழுக்க இறக்கிவிட்டு, உட்கார்ந்து பாருங்கள். விரலால் ஒரு தட்டுத் தட்டி, படம் அடங்கும்வரை மனதுக்குள் எண்ணுங்கள். இரண்டு என்று சொல்லி முடிப்பதற்குள் அடங்கவில்லையென்றால், மாற்ற வேண்டியது கண்ணாடியை அல்ல.