பாண்டிக்கு ஜோடியா ட்ரிப்பா? கேமராவைத் திறக்கும் முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க!

ஆயுத பூஜை, தீபாவளி என்று தொடர் லீவு வந்தாலே சென்னைப் பக்கத்து ஜோடிகளின் பிளான் பெரும்பாலும் ஒன்றுதான். ஈ.சி.ஆரில் வண்டியை விட வேண்டியது. வழியில் ஒருநாள் தீம் பார்க். அப்படியே 150 கிலோமீட்டர் தள்ளி பாண்டி. ரெண்டு நாள் ரூம். திரும்பி வரும்போது போனில் எண்ணூறு போட்டோ, 'ஸ்டோரேஜ் ஃபுல்' மெசேஜ், கூடவே "நீ என்னை ஒழுங்காவே எடுக்கலை" என்று ஒரு சண்டை.

இந்த ட்ரிப்பில் நீங்கள் பார்க்கும் ரெண்டு இடமும் ஒரே மாதிரி இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் போட்டோவும் நல்லா வரும், சண்டையும் குறையும். ஈ.சி.ஆர் வி.ஜி.பி-யில் அசையாமல், சிரிக்காமல் நின்ற 'சிலை மனிதர்' ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தில் போய் நின்று போட்டோ எடுப்பார்கள், சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். அவர் அங்கே நின்றதே அதற்காகத்தான். தீம் பார்க்கில் எல்லாமே அப்படித்தான். ஆனால், பாண்டி ஒயிட் டவுனில் வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் தாத்தா சிலை மனிதர் இல்லை. அது அவர் வீடு. நீங்கள் சாய்ந்து போஸ் கொடுக்கும் நீலக் கதவுக்குப் பின்னால் யாரோ மதியத் தூக்கத்தில் இருக்கலாம்.

அப்போ பாண்டியில் போட்டோவே எடுக்கக் கூடாதா? தாராளமா எடுக்கலாம். எங்கே, எப்போ, எப்படி என்பதுதான் விஷயம்.

தீம் பார்க் நாள்: போனுக்கும் லீவு

இஞ்சம்பாக்கம் வி.ஜி.பி, முட்டுக்காடு எம்.ஜி.எம் எதுவாக இருந்தாலும் ஒரே ரூல்தான். உள்ளே நுழைந்த முதல் அரை மணி நேரத்தில் போட்டோக்களை முடித்துவிடுங்கள். டிரஸ் கலையாமல், தலை நனையாமல் இருப்பது அப்போது மட்டும்தான். அதன் பிறகு போன் லாக்கருக்குப் போகட்டும். ரைடில் போனை எடுப்பது உங்களுக்கு மட்டுமல்ல, கீழே நிற்பவர்களுக்கும் ஆபத்து. ஒருவர் ரைடில், இன்னொருவர் தரையில் நின்றுகொண்டு எடுத்தால் போதும். பயந்துபோய்க் கத்தும் அந்த முகம், போஸ் கொடுத்த நாற்பது படங்களைவிட நல்லா இருக்கும்.

நமக்கு இது இலையுதிர் காலம் இல்லை, மழைக்காலம்

அக்டோபர், நவம்பர் என்றால் இன்ஸ்டாவில் வெளிநாட்டுக்காரர்கள் ஆரஞ்சு கலர் இலைகளைப் போட்டுத் தள்ளுவார்கள். நம் ஊர்க் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வடகிழக்குப் பருவமழை கடலோரத்தைப் பிடிக்கும் நேரம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதனால் ரூம் புக் பண்ணும் முன் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். புயல் எச்சரிக்கை இருந்தால் ட்ரிப்பைத் தள்ளிப்போடுங்கள். பாண்டி எங்கேயும் ஓடிப்போகாது.

சாதாரண மேகமூட்டம் என்றால் மட்டும் கவலையே வேண்டாம், அது வரம். வெயில் நேராக அடித்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். மேகம் இருந்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், முகம் மென்மையாக வரும். மழை விட்டதும் தெருவில் தேங்கும் தண்ணீரில் மஞ்சள் சுவரும் போகன்வில்லாவும் தலைகீழாகத் தெரியும். போனைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தலைகீழாகப் பிடித்து எடுத்துப் பாருங்கள். லென்ஸ் தண்ணீருக்கு அருகே இறங்கும்போது பிம்பம் முழுசாகக் கிடைக்கும்.

இன்னொன்று: ஏ.சி ரூமிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படரும். அஞ்சு நிமிஷம் பொறுங்கள். கடற்கரையில் உப்புக்காற்று லென்ஸில் படியும். பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுத்தால், 'என் போன் கேமரா சரியில்லை' என்ற புகாரில் பாதி காணாமல் போய்விடும். போன் நனைந்திருந்தால் காயும் வரை சார்ஜ் போடாதீர்கள்.

காலையில் கடற்கரை, சாயங்காலம் நடை

நிறைய பேர் பாண்டி பீச்சில் சன்செட் எடுக்கப் போய் ஏமாறுவார்கள். இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும். இந்த மாதங்களில் ஆறு மணியை ஒட்டி உதயம். ஐந்தே முக்காலுக்கே ராக் பீச்சில் இருங்கள். பீச் ரோடு எனப்படும் கூபேர் அவென்யூவில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடுரோட்டில் நிம்மதியாக நடந்துகொண்டே படம் எடுக்கலாம். எட்டுத் தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலை, 1836-ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் எல்லாமே இந்த ஒரே நடையில் வந்துவிடும்.

நவம்பர் 1 அன்று அங்கே இருந்தால் இன்னும் விசேஷம். 1954-ல் அதே நாளில்தான் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. விடுதலை நாள் கொண்டாட்டம் பீச் ரோட்டில்தான் நடக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் கறுப்புப் பாறைகள் மேல் ஏறி செல்ஃபி வேண்டாம். மழைக்காலத்தில் பாசி வழுக்கும், அலையும் எதிர்பாராமல் ஏறி அடிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாலே கடல் ஃபிரேமுக்குள் வந்துவிடும்.

ஒயிட் டவுன்: சுவர் சரி, ஜன்னல் வேண்டாம்

இங்கே தெருக்கள் ஏன் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகின்றன? 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட திட்டம்தான் அதற்கு அடிப்படை என்பார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரையே இடித்துத் தள்ளினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். நீங்கள் சாய்ந்து நிற்கும் சுவர்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை.

நேர்த் தெருவால் போட்டோவுக்கு ஒரு லாபம் உண்டு. கடலை நோக்கிப் போகும் குறுக்குத் தெருக்களில் காலை வெளிச்சம் நீளமாக உள்ளே வரும். ரூ டுமாஸ், ரூ ரோமன் ரோலண்ட், ரூ சஃப்ரன் போன்ற நீளத் தெருக்களில் ஒரு பக்கச் சுவரில் வெயிலும் மறு பக்கத்தில் நிழலும் இருக்கும். நிழல் பக்கம் நில்லுங்கள், முகம் நன்றாக வரும். வெள்ளையும் வெளிர் மஞ்சளுமான சுவரைப் பார்த்ததும் போன் தானாகவே படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கிவிடும். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தை லேசாக ஏற்றுங்கள். 0.5 வைடில் ஓரத்தில் நின்றால் கை கால் இழுபட்ட மாதிரி தெரியும். ஆள் படத்துக்கு 2எக்ஸ் பெஸ்ட். மஞ்சள் சுவருக்கு மஞ்சள் டிரஸ் போட்டால் சுவரோடு கரைந்துவிடுவீர்கள். நீலம், பச்சை, வெள்ளை எடுத்துவையுங்கள்.

இப்போ முக்கியமான விஷயம். தெருவிலிருந்து சுவரை எடுப்பது ஓகே. திறந்திருக்கும் ஜன்னல் வழியே உள்ளே எடுப்பது, கேட்டைத் திறந்து படியில் உட்காருவது, வாசலில் நின்ற ஸ்கூட்டரை நகர்த்தி வைப்பது இதெல்லாம் வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் தினமும் பத்து ஜோடி வந்து டிரஸ் மாற்றி மாற்றி ஷூட் பண்ணினால் எப்படி இருக்கும்? ஆட்கள் ஃபிரேமில் இருந்தால், "தாத்தா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தலையாட்டினால் எடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு சிரிப்போடு நகருங்கள். சில பேர் சம்மதிப்பதோடு நிற்காமல் அந்த வீட்டின் கதையையே சொல்வார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இந்த ஊரில் உண்டு.

துணைநிலை ஆளுநர் மாளிகை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம் முன்னால் காவலர் "வேண்டாம்" என்றால் வாதாடாதீர்கள். சாம்பலும் வெள்ளையுமாகச் சுவர் இருந்தால் அது பெரும்பாலும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கட்டடம். ஆசிரமத்துக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாது. ஆரோவில்லிலும் அப்படித்தான். மாத்ரிமந்திரைத் தூரத்துப் பார்வை இடத்திலிருந்து எடுக்கலாம், உள்ளே போனுக்கே இடமில்லை. கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பாரதி பூங்காவும் ஆயி மண்டபமும் பொது இடங்கள். உட்கார்ந்து நிதானமாக எடுக்க ஜோடிகளுக்கு அதுதான் வசதி.

கால்வாயைத் தாண்டுங்க!

பாண்டிக்குப் போன பாதிப் பேர் போட்டோ கால்வாயோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம்தான் தமிழர் பகுதி. தெருவைப் பார்த்துத் தாழ்வாரம், மரத்தூண், திண்ணை. வழிப்போக்கர் உட்காரட்டும் என்று கட்டிய இடம் அது. கீழே தமிழ்ப் பாணி, மாடியில் பிரெஞ்சுப் பாணி என்று ரெண்டும் கலந்த வீடுகளையும் பார்க்கலாம். இன்டாக் அமைப்பு புதுப்பித்த வைசியாள் வீதியில் இதைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடியும். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் இது. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் இல்லமும் இருக்கிறது. இங்கே கூட்டம் குறைவு. உங்கள் ஃபீடில் மற்றவர்களுடையதைப் போல இல்லாத படம் வேண்டுமென்றால் இங்கேதான் கிடைக்கும்.

உங்க ரெண்டு பேருக்கு நடுவுல...

"ஏய், இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"நாற்பது எடுத்தாச்சு தாயே, பசிக்குது!"

இது நடக்காத பாண்டி ட்ரிப் உண்டா? எப்போதும் ஒருவரே எடுப்பவர், ஒருவரே போஸ் கொடுப்பவர் என்று ஆகிவிட்டால், ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருவரைப் படத்திலேயே காணோம். ஒரு இடத்துக்குப் பத்து நிமிஷம். அஞ்சு நிமிஷம் நீ, அஞ்சு நிமிஷம் நான். அதன் பிறகு போன் பைக்குள். ரெண்டு பேரும் சேர்ந்து வேண்டுமென்றால் கடற்கரைச் சுவரில் போனைச் சாய்த்து, 10 செகண்ட் டைமர் போதும். யாரையாவது கேட்டால்கூட சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பார்கள்.

இதில் ஞாபகம் பற்றிய விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் போட்டோ எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், முழுசாகப் போட்டோ எடுத்த பொருள்களைவிடப் பார்த்த பொருள்கள்தான் நன்றாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை விட்டுவிடுகிறது போல! ஆனால், ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த மறதி இல்லை. கவனித்துப் பார்த்தால்தானே எதை ஜூம் செய்வது என்று தெரியும்?

2016-ல் கிறிஸ்டின் டீல் உள்ளிட்டோர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு மறுபக்கத்தைச் சொன்னது. போட்டோ எடுப்பவர்கள் அந்த அனுபவத்தில் ஆழ்ந்துபோய் கூடுதலாக ரசிக்கவும் செய்கிறார்கள். ஆனால், எடுப்பதே தொந்தரவாக மாறிவிட்டால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கான ரூல் கிடைத்துவிடும். நிறைய எடுக்காதீர்கள், உற்றுப் பார்த்து எடுங்கள். முழுத் தெருவை ஒரு தடவை எடுத்தால் போதும். பிறகு அந்தக் கதவின் பித்தளைப் பூண், காலையில் போட்ட கோலம், காபி டம்ளரைப் பிடித்திருக்கும் அவள் கை, மழையில் நனைந்த அவன் கண்ணாடி.

போஸ்ட் பண்ணும் முன் ரெண்டு விஷயம். "இந்த போட்டோ போடவா?" என்று பார்ட்னரிடம் கேளுங்கள். உங்களுக்கு அழகாகத் தெரிவது அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். ரூம் எது, இப்போ எங்கே இருக்கோம் என்பதை லைவாகச் சொல்ல வேண்டாம், ஊருக்குத் திரும்பிய பிறகு லொகேஷன் போட்டுக்கொள்ளலாம்.

கடைசி நாள் ராத்திரி ரூமில் உட்கார்ந்து, ரெண்டு பேரும் சேர்ந்து இருபது படங்களைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் அங்கேயே டெலீட் பண்ணிவிடுங்கள். இருபதில் நாலை பிரின்ட் போட்டு வீட்டில் மாட்டுங்கள். பாண்டியில் யாரையாவது கேட்டு எடுத்த படம் இருந்தால், அதை அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த தடவை அந்தத் தெருவுக்குப் போனால், உங்களைத் தெரிந்த ஒருவர் அங்கே இருப்பார்.