வெற்று மேட்டில் நின்ற பறவை

17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பறவைப் படங்களில் பறவைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது, அதைச் சுற்றியிருக்கும் வெறுமை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறல்களை அமிலம் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுத்தவை அவற்றில் பல. இறகின் இழைகூடத் தெரியும். காலடியிலோ ஒரு மண்மேடு, இரண்டு கல், அதற்கப்பால் வெள்ளைக் காகிதம். கடல் கடந்த பறவைகள் பலவும் ஓவியரின் மேசைக்குப் பாடம்செய்த தோலாகவே வந்து சேர்ந்தன. எந்தக் குளத்தில் மேய்ந்தது, எந்த மரத்தில் அடைந்தது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

சென்னைப் பறவைகளும் ஏறக்குறைய இப்படித்தான் ஐரோப்பா போயின. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் எட்வர்ட் பல்க்லி, அந்த நூற்றாண்டு முடிந்து அடுத்தது தொடங்கிய காலத்தில், லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்குப் பறவைகளைப் பற்றி எழுதி அனுப்பினார். இயற்கையியலாளர் ஜான் ரே இறந்து 8 ஆண்டுகள் கழித்து, 1713இல் வெளிவந்த அவருடைய பறவை நூலில் அவை படங்களோடு அச்சேறின.

இதற்கு மறுமொழி போல ஒரு தொகுப்பு மொன்றியலில் இருக்கிறது. அந்நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஜான்-டலோன் தெருவில் மரக்கறி வாங்கும் நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதில் எனக்குப் பெரிய வருத்தம். 80ஆம் எண் பஸ்ஸில் தெற்கே போனால் மெக்கில் பல்கலைக்கழகம். 1801இல் சென்னைக்கு வந்த நீதிபதி ஹென்றி குவில்லிமின் மனைவி எலிசபெத், 1807இல் அங்கேயே இறக்கும்வரை வரைந்த 121 பறவை ஓவியங்கள் மெக்கில்லில் உள்ளன. கேஸி வுட் என்ற கண் மருத்துவர் 1924இல் லண்டனில் கண்டெடுத்து வாங்கியவை. பல ஓவியங்கள் பறவையின் உண்மையான அளவிலேயே இருக்கின்றன. கழுத்தின் வளைவும் கால் செதிலும் பக்கத்திலிருந்து பார்த்தவரின் கைவேலை. தோலைப் பார்த்து வரைந்தவர்களால் இது முடிந்திருக்காது.

ஆனாலும் அந்தப் பழைய மண்மேட்டை நான் முழுக்கத் தவறென்று சொல்லமாட்டேன். நம் ஊர் ஆட்காட்டிக்கு அதுவே வீடு. கூடு கட்டாது, சரளைக்கு நடுவே, சரளை நிறத்திலேயே முட்டையிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த கில்டீர் இளவேனிலில் மொன்றியலுக்கு வரும். ரயில் பாதையோரம், கார் நிறுத்துமிடம், தட்டையான கூரை என்று சரளை கிடக்கும் இடமெல்லாம் அதற்குப் போதும். ஆள் நெருங்கினால் சிறகு முறிந்ததுபோல் நொண்டி நொண்டி வேறு பக்கம் இழுத்துப்போகும்.

வெற்று நிலம் என்ற பார்வைதான் ஆபத்து. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு அரசுப் பதிவுகளில் தரிசாகவே கிடந்தது. அதனால்தான் பெருங்குடியில் நகரத்தின் குப்பையை அதன்மேல் கொட்ட முடிந்தது, கட்டடங்கள் உள்ளே நுழைய முடிந்தது. ஒருகாலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த நிலம் அது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது சுமார் 1,250 ஹெக்டேர்.

பார்க் எக்ஸின் தெற்கு எல்லையிலும் ஒரு சரளை நிலம் இருந்தது: கனேடியன் பசிபிக் ரயில்வேயின் பழைய ஊட்ரமோன் முற்றம். தண்டவாளம் பிடுங்கிய இடம் பார்ப்பவருக்குத் தரிசுதான். 2019இல் அங்கே மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மில் வளாகம் திறந்தது. அதன்பின் வாடகை ஏறுகிறது என்று இங்குள்ள குடியிருப்போர் அமைப்புகள் போராடிவருகின்றன. அந்தப் போராட்டம் நியாயமானது. வளாகத்தைச் சுற்றி இன்னும் ரயில் பாதை ஓடுகிறது, ஓரத்தில் சரளையும் கிடக்கிறது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கில்டீர் முட்டையிடும் காலம். அந்தப் பக்கம் பிள்ளைகளோடு நடப்பவர்கள் தரையைப் பார்த்து நடக்கட்டும்.