எரிமலை இல்லாத ஊரில் வெந்நீர் ஊற்று

வெந்நீர் ஊற்று என்றதும் நம்மில் பலருக்கு எரிமலைதான் நினைவுக்கு வரும். ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டிலோ உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. ஆயினும் அந்நகரில் வெந்நீர் தரும் ஊற்றுகளும் கிணறுகளும் நூற்றுக்கு மேல் உள்ளன. விறகும் நிலக்கரியும் இல்லாமல் இந்நீர் எப்படிச் சூடாகிறது? அங்குள்ள பழைய குளியல் மண்டபம் ஒன்றுக்குள் முதலில் நுழைவோம்.

டான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் புடா, கிழக்குக் கரையில் பெஸ்ட். இவற்றை 1873-இல் ஒன்றாக இணைத்தே புடாபெஸ்ட் என்று பெயரிட்டார்கள். புடா 1541 முதல் 1686 வரை துருக்கியர் ஆட்சியில் இருந்தது. அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய ருடாஷ் குளியல் மண்டபம் இன்றும் பயன்படுகிறது. எட்டுத் தூண்கள் தாங்கும் கல் குவிமாடம். அதிலுள்ள சிறு துளைகள் வழியே வண்ணக் கண்ணாடி ஒளி. கீழே எண்கோண வடிவத் தொட்டி. அதன் நீர் சுமார் 36 டிகிரி செல்சியஸ். ஏறத்தாழ நம் உடலின் வெப்பமே அது. மூலையில் உள்ள சிறு தொட்டிகளில் ஒன்று 42 டிகிரி. அதில் சில நிமிடங்களே இருக்கலாம். ஏன் தெரியுமா? வியர்வை ஆவியாகும்போதுதான் நம் உடல் குளிர்கிறது. நீருக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. வெளியேற முடியாத வெப்பம் உடலிலேயே சேர்ந்து தலைசுற்றலை உண்டாக்கும்.

இனி நீரின் கதைக்கு வருவோம். புடாவின் மேற்கே சுண்ணாம்புப் பாறையும் டோலமைட் பாறையும் நிறைந்த குன்றுகள் உள்ளன. அவற்றின் மேல் பெய்யும் மழைநீர் மண்ணிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளை அரித்து அகலமாக்கியபடியே ஆழத்துக்கு இறங்குகிறது.

பூமிக்குள் செல்லச் செல்ல வெப்பம் கூடும் என்பதை அறிவீர்கள். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 30 டிகிரி கூடும். ஹங்கேரியின் கீழே பூமியின் மேலோடு மெல்லியது. ஆகவே அங்கே சில இடங்களில் இது 50 டிகிரி வரை போகிறது. ஆழத்தில் சூடான நீர் விரிந்து இலேசாகி மேலே எழுகிறது. சாயம் கலந்த வெந்நீரை ஒரு சிறு குப்பியில் நிரப்பி, தண்ணீர் உள்ள பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வைத்துப் பாருங்கள். சாயம் புகைபோல் மேலே செல்லும். குன்றுகளின் அடியில், ஆற்றையொட்டிப் பாறையில் பெரும் பிளவு உள்ளது. அதுவே வெந்நீர் எழும் பாதை.

அப்படியானால் எதிர்க்கரையான பெஸ்டில் ஏன் இத்தகைய ஊற்றுகள் இல்லை? அங்கும் அதே சுண்ணாம்புப் பாறை உண்டு. ஆனால் மிக ஆழத்தில், களிமண் அடுக்குகளுக்குக் கீழே. களிமண் நீரைக் கசிய விடாது. பானைக்கு மூடிபோல் அடைத்து நிற்கிறது. மூடியைத் துளைத்தால் வெந்நீர் வரும் என்று கணித்தார் சுரங்கப் பொறியாளர் வில்மோஷ் ஜிக்மொண்டி. 1868-இல் துளையிடத் தொடங்கினார். பத்து ஆண்டுகள் உழைத்து 1878-இல் 970 மீட்டர் ஆழத்தை எட்டினார். 74 டிகிரி வெந்நீர் தானாகவே மேலே வந்தது! அந்த நகரப் பூங்காவில் 1913-இல் சேச்செனி குளியல் மாளிகை திறக்கப்பட்டது. பனி கொட்டும் குளிர்காலத்திலும் அதன் திறந்தவெளித் தொட்டிகளில் கழுத்தளவு வெந்நீரில் நின்று சதுரங்கம் ஆடுவோரைக் காணலாம்.

இந்நீர் எடுக்க எடுக்கக் குறையாததா? ஹங்கேரியின் மேற்குப் பகுதியில் உள்ள ஹேவீஸ் வெந்நீர் ஏரி இதற்கு விடை தருகிறது. அதற்குச் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில், நிராட் என்னுமிடத்தில், அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வெட்டினார்கள். சுரங்கத்தில் நீர் புகாதிருக்க நிலத்தடி நீரைப் பெருமளவில் இறைத்தார்கள். ஏரியின் ஊற்று மெலிந்துகொண்டே போயிற்று. இரண்டு இடங்களையும் பூமிக்கடியில் ஒரே சுண்ணாம்புப் பாறைத் தொகுதி இணைத்திருந்ததே காரணம். 1990-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு ஊற்று மெல்ல மெல்லத் தேறியது.

குன்றின்மேல் விழும் மழைத்துளி ஆழத்துக்குச் சென்று வெந்நீராகத் திரும்பப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். ருடாஷ் தொட்டியில் இன்று குளிப்பவரின் தோளைத் தொடும் நீர், அம்மண்டபத்தைக் கட்டியவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மழையாகப் பெய்தது. அதனால்தான் எங்கே எவ்வளவு இறைக்கலாம் என்பதை ஊற்றின் ஓட்டத்தை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.