படம் இருந்தும் நீதி கிடைக்கவில்லையே!

ஒரு கொடுமை படமாகிவிட்டால் போதும், நீதி கிடைத்துவிடும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். அமெரிக்கக் கறுப்பினத்தவர் கண்டது வேறு.

1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் ரோட்னி கிங்கைத் தடியால் அடித்து நொறுக்கியதை, அருகில் குடியிருந்த ஒருவர் வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. வழக்கோ வெள்ளையர் பெருவாரியாக வாழும் சிமி வேலிக்கு மாற்றப்பட்டது. ஜூரிகளில் ஒரு கறுப்பர்கூட இல்லை. போலீஸ் தரப்பு வழக்கறிஞர்கள் அதே படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். இங்கே எழ முயன்றார், அதனால் ஓர் அடி. இங்கே அசைந்தார், அதனால் இன்னோர் அடி! ஓடும்போது கொடுமையாகத் தெரிந்தது, நிறுத்தியபோது கடமையாகிவிட்டது. 1992 ஏப்ரல் 29இல் வந்த தீர்ப்பில் நால்வரில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு மத்திய நீதிமன்றம்தான் இருவரைச் சிறைக்கு அனுப்பியது.

2020 மே 25இல் மினியாபோலிஸ் நகரில் போலீஸ்காரர் டெரிக் சாவின், ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றினார். ஏதோ உடல்நலக் கோளாறு என்றே போலீசின் முதல் அறிக்கை சொன்னது. 17 வயதுப் பெண் கைத்தொலைபேசியில் எடுத்த படம் உண்மையைக் காட்டியது. வெள்ளையரும் சேர்ந்து லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தனர்.

இம்முறை 12 ஜூரிகளில் நால்வர் கறுப்பர். நகரின் போலீஸ் தலைவரே சாட்சிக் கூண்டேறி, அது எங்கள் பயிற்சிக்கு முரண் என்றார். மாநில நீதிமன்றம் சாவினுக்கு 22½ ஆண்டுச் சிறை விதித்தது.

ஃப்ளாய்டின் பெயரால் வந்த போலீஸ் சீர்திருத்த மசோதா 2021 மார்ச்சில் கீழவையில் நிறைவேறியது. மேலவையோடு அது நின்றுபோனது.